பாதியில் நின்ற கணினி சிமுலேஷன் ரன்னைத் திரும்ப ஓட்டியபோது நடந்தது: உங்கள் அனுபவம்?

திருவையாறு நெல்
லாம்ப்ஸில் (துகள்களின் அசைவைக் கணக்கிடும் மென்பொருள்) நெல் குவியல் ஓட்டிக்கொண்டிருந்தேன். 40,000 மணிகள், எல்லாமே உருண்டை, உராய்வு உண்டு. நாலு நாளில் குவியல் அமைதியாக உட்கார்ந்துவிட்டது. அன்று ராத்திரி கரண்ட் போய், யூ.பி.எஸ்ஸும் தீர்ந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரீஸ்டார்ட் கோப்பு எழுதச் சொல்லவில்லை, மணிகளின் நிலையை அவ்வப்போது பதியும் டம்ப் கோப்பு மட்டும் இருந்தது. இடம், வேகம், சுழற்சி எல்லாம் அதில் இருக்கிறதே என்று அதிலிருந்தே தொடங்கினேன்.

குவியலின் தோளில் ஒரு நெல்மணிக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தேன். யாரும் தள்ளாமலே அது நழுவி, பக்கத்து மணிகளையும் இழுத்துக்கொண்டு அடிவாரத்தில் போய் நின்றது. அப்பா களத்தில் குவித்த நெல் பத்து நாள் கழித்தும் அதே சாய்வில் நிற்கும். இது ஏன் சரிந்தது?

இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. இரண்டு மணிகள் தொட்ட நொடியிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தன என்பதை வைத்துத்தான் பக்கவாட்டு விசை வருகிறது. அந்தக் கணக்கு டம்பில் இல்லை. எல்லாத் தொடுகையும் புதிதாகப் பிறந்ததுபோல் பூஜ்யத்தில் தொடங்க, பிடிமானமே இல்லாமல் போயிற்று.

மன்னார்குடி
கஜா புயல். என்னுடையது குரோமாக்ஸ், மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் மென்பொருள். தானாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயிண்ட் (தொடர்வதற்கான நிலைப்பதிவு) எழுதிவிடும். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. வந்ததும் தொடரச் சொன்னேன், அதே லாக் கோப்பிலேயே எழுத ஆரம்பித்தது. 2018 நவம்பர் 15 இரவு 11.41க்குச் செக்பாயிண்ட் எழுதியதாக ஒரு வரி. கொஞ்சம் கீழே 28ஆம் தேதி. நடுவில் வீட்டுக் கூரை போனது, தோப்பில் தென்னை எல்லாம் சாய்ந்தது. லாக்கில் அதெல்லாம் இல்லை. இன்னும் அந்தக் கோப்பை அழிக்கவில்லை.

குடந்தை
எனக்கு நடந்தது சின்னது: டிஸ்க் நிரம்பி, கடைசி ரீஸ்டார்ட் கோப்பு பூஜ்ய பைட்.

திருவையாறு, டம்ப் பார்ப்பதற்கு, தொடர்வதற்கு அல்ல. ரீஸ்டார்ட் கோப்பில் அந்தத் தொடுகைக் கணக்கு சேர்ந்தே வரும். இரண்டு பெயர் கொடுங்கள், மாற்றி மாற்றி எழுதும். எழுதும்போதே கரண்ட் போனாலும் மற்றது பிழைக்கும். ஃபிக்ஸ்களை (ரன்னில் ஸ்டெப்தோறும் செயல்படும் கட்டளைகள்) திரும்ப நீங்கள்தான் எழுத வேண்டும், நிலை சேமிக்கிற ஃபிக்ஸ் என்றால் அதே பெயரில். ரீஸ்டார்ட் என்பது பைனரி கோப்பு, வேறு மெஷினில் திறக்காமல் போகலாம். பிராசஸர் கோர் எண்ணிக்கையை மாற்றினால் கூட்டல் வரிசை மாறி, கடைசி இலக்கத்தில் தொடங்கிப் பாதையே பிரியும். அது பிழை இல்லை. அப்போது ஒவ்வொரு மணியாக ஒப்பிடாதீர்கள், சாய்வுக் கோணத்தை ஒப்பிடுங்கள். நீண்ட ரன்னுக்கு முன் 20,000 ஸ்டெப் ஒரே மூச்சாகவும், 10,000 வீதம் இரண்டாக வெட்டியும் ஓட்டி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

திருவையாறு நெல்
டம்ப் எதற்கு என்று இப்போது தெரியும் குடந்தை. அன்று தெரியாது, அதனால்தான் எழுதினேன். முதலிலிருந்து ஓட்டி, வேண்டுமென்றே நிறுத்தி, ரீஸ்டார்ட் கோப்பிலிருந்து தொடங்கினேன். தோளில் ஒரு மணிகூட அசையவில்லை.

மன்னார்குடி, தோப்பு திரும்ப வந்ததா?