பாங்காக் வாட் போ கோயிலுக்கு அரை மணி நேரம் போதுமா?

கேள்வி:
எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் அடுத்த மாதம் பாங்காக் செல்லவிருக்கிறேன். வாட் போ கோயிலில் சயனக் கோலப் புத்தரைத் தரிசித்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்கிறார் பயண முகவர். அம்மா கம்பராமாயணத்தில் ஊறியவர். அவர் பார்க்க வேண்டியது அங்கே வேறு ஏதேனும் உண்டா என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அரை மணி நேரம் நிச்சயமாகப் போதாது. மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1832இல், செங்கல்லால் கட்டிச் சுதை பூசிப் பொன்தகடு வேய்ந்த அந்தப் புத்தர் 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் உடையவர். மண்டபம் அவரை நெருக்கிச் சூழ்ந்திருப்பதால் தலையிலிருந்து பாதம் வரை மெல்ல நடந்துதான் காண வேண்டும். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து இழைத்த 108 மங்கலச் சின்னங்களின் முன் சற்று நில்லுங்கள்.

ஆனால் தங்கள் தாயாருக்குரிய இடம், துறவியருக்குத் தீட்சை அளிக்கும் முதன்மைக் கூடமாகிய உபோசத மண்டபமே. அதன் அடித்தளத்தைச் சுற்றிலும் தாய்லாந்தின் இராமாயணமாகிய ராமகியனின் காட்சிகள் 152 பளிங்குப் பலகைகளில் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. அங்கே இராவணனின் பெயர் தோசகன். தசகண்டன் என்பதன் திரிபு. பெரும்பாலோர் இவற்றைக் கவனியாமலே கடந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி 2:
கல்வெட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். மருத்துவம், இலக்கியம், வரலாறு எனத் தம் நாட்டின் அறிவெல்லாம் அழிந்துவிடக் கூடாது என்று கருதிய அதே மன்னர், 1831 முதல் 1841 வரை அவற்றைக் கல்லில் பொறித்துக் கோயிலெங்கும் பதிக்கச் செய்தார். எழுத்தறிந்த எவரும் வந்து படிக்கும்படி திறந்து வைத்த கல்விச்சாலை அது. யுனெஸ்கோ 2011இல் இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உடலைப் பிடித்துவிடும் முறையைக் காட்டும் வரைபடங்களும், உடலை வளைத்துப் பயிற்சி செய்யும் ரிஷிகளின் சிலைகளும் அங்கே உள்ளன.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவ்வளவு நடக்க இயலுமா?

மறுமொழி 1:
இயலும் ஐயா. சனம் சாய் மெட்ரோ நிலையத்திலிருந்து கோயில் அருகில்தான். வெயில் ஏறுமுன் காலை எட்டு மணிக்கே சென்று முதலில் ராமகியன் பலகைகளைப் பாருங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். புடவை மிகப் பொருத்தம். மண்டபங்களில் காலணியைக் கழற்ற வேண்டும், புத்தரை நோக்கிக் கால் நீட்டி அமரக் கூடாது. வளாகத்திற்குள்ளேயே கால் பிடித்துவிடும் இடமும் உண்டு. அம்மா அங்கே இளைப்பாறலாம்.