செகண்ட் கியர் கர்ரென்கிறது: கியர் பாக்ஸை இறக்குவதா, டபுள் கிளட்ச்சில் ஓட்டுவதா?

ஊட்டிமழை
அப்பா வாங்கிய 1998 மாருதி 800, நாலு கியர் வண்டி. 1,43,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆறு மாதமாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கர்ரென்று ஒரு சத்தம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது நிதானமாகப் போட்டால் சத்தம் இல்லை, அவசரமாகப் போட்டால் உண்டு. மூன்றும் நாலும் வெண்ணெய் மாதிரி விழுகின்றன. இரண்டு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒருவர் "சின்க்ரோ ரிங் (கியர் விழும் முன் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) போயிடுச்சு, பாக்ஸை இறக்கணும்" என்கிறார். இன்னொருவர் "இருபத்தேழு வருஷ வண்டிக்கு எதுக்கு, கெட்டியான ஆயில் ஊத்தி ஓட்டுங்க" என்கிறார். மாதத்தில் நாலு தடவையாவது ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியாக மசினகுடி இறங்குகிறேன். வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. என்ன செய்யலாம்?

ஸ்டியரிங்_31
தம்பி, பாக்ஸைத் திறக்காதீங்க. 31 வருஷம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் பஸ்களில் சின்க்ரோ என்ற பேச்சே கிடையாது. பழைய அம்பாசடர், பத்மினியிலும் முதல் கியருக்கு சின்க்ரோ இல்லை. வண்டி நின்றால்தான் ஃபர்ஸ்ட் விழும், இல்லை டபுள் கிளட்ச் போடத் தெரிந்திருக்கணும். அந்த வண்டிகள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின.

மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிளட்ச்சை அமுக்கி நியூட்ரலுக்கு வாங்க. கிளட்ச்சை விடுங்க. ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டுங்க. மறுபடி கிளட்ச்சை அமுக்கி இரண்டில் போடுங்க. எஞ்சினே உள்ளே இருக்கும் ஷாஃப்டின் வேகத்தை ஏற்றிக் கொடுத்துவிடும், ரிங்குக்கு வேலையே இருக்காது. ஒரு வாரம் பழகினால் கால் தானாகச் செய்யும். இன்னும் பத்து வருஷம் ஓடும்.

பட்டறைவாசல்
ஐயா சொல்லும் டபுள் கிளட்ச் சரியான வித்தை, அதை மறுக்கவில்லை. ஆனால் "பத்து வருஷம் ஓடும்" என்பதை ஏற்க முடியாது.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். சின்க்ரோ ரிங் பித்தளை. அதன் உள்பக்கம் மயிரிழை மாதிரி மரை வெட்டியிருக்கும். கியரின் கோன் (கூம்பு வடிவப் பகுதி) மேல் ரிங் உட்காரும்போது அந்த மரையின் கூர்முனைகள் ஆயில் படலத்தை வெட்டிக்கொண்டு கோனைப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் கியரும், அதை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவும் ஒரே வேகத்துக்கு வரும். கூர் மழுங்கினால் ரிங் ஆயில் மேலேயே வழுக்கும். வேகம் சேராமலேயே ஸ்லீவ் முன்னால் போய் கியரின் பக்கப் பற்களில் மோதும். உங்கள் காதில் விழும் கர்ர் அதுதான். பித்தளை தேய்கிற சத்தம் இல்லை அது, இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம்.

ஒவ்வொரு கர்ருக்கும் அந்தப் பற்களின் முனை கொஞ்சம் போகிறது. ரிங் தனியாகக் கிடைக்கும், விலையும் சின்னது. பக்கப் பற்கள் கியரோடு சேர்ந்தவை. அவை உருண்டுபோனால் கியரையே மாற்றணும், அதோடு கோத்து ஓடும் ஜோடியையும் பார்க்கணும். அதற்கு மேலும் விட்டால் ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்குக் குதிக்கும்.

செகண்ட்தான் பெரும்பாலும் முதலில் போகிறது. கீழ் கியர்களுக்கு இடையில்தான் வேக வித்தியாசம் அதிகம். ஊருக்குள்ளும் மலையிலும் அதிகம் போடுவதும் அதைத்தான்.

ஸ்டியரிங்_31
டபுள் கிளட்ச் சரியாகப் போட்டால் கர்ரே வராதே. வராத சத்தத்துக்கு எந்தப் பல் தேயும்?

பட்டறைக்காரர்கள் சொல்லாத ஒன்றையும் நான் சொல்கிறேன். என் அண்ணன் வண்டியில் இதே செகண்ட் கியர் வேலைக்காக ஓர் இடத்தில் பாக்ஸைத் திறந்தார்கள். பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினார்கள். ரிங் மாற்றி, பூட்டிக் கொடுத்தார்கள். செகண்ட் நன்றாக விழுந்தது. ஆனால் மூன்றாம் மாதம் பாக்ஸிலிருந்து ஊளைச் சத்தம். நல்லா இருந்த பேரிங்கைக் கெடுத்து வைத்திருந்தார்கள். கம்பெனியில் பூட்டியதை நாம் திறந்தால் அதே மாதிரி மூடத் தெரியணும். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்டறைவாசல்
அது நியாயமான வருத்தம். பேரிங்கைத் தட்டாமல் கழற்றிப் பூட்டும் பிரஸ், புல்லர் இல்லாத இடத்தில் பாக்ஸைக் கொடுக்கவே கூடாது. ஸ்லீவையும் அது நகரும் ஹப்பையும் பிரிக்கும் முன் அடையாளம் குத்தி வைக்காமல் பிரிப்பவரிடமும் கொடுக்கக் கூடாது. திருப்பிப் போட்டுவிட்டால் புது ரிங் போட்டும் பயன் இல்லை.

ஊட்டிமழை, இறக்குவதா வேண்டாமா என்பதற்கு முன்னால் ஒரு சோதனை. வண்டி நிற்கட்டும், எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். கிளட்ச்சை முழுக்க அமுக்கி நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. அதனால் கிளட்ச் முழுக்க விடுபடாவிட்டால் அதில் உடனே தெரிந்துவிடும். அங்கேயும் கர்ரென்றால் குற்றவாளி கிளட்ச். இந்த வண்டிக்குக் கிளட்ச் கேபிள்தான், கேபிள் இழுவை தளர்ந்திருக்கலாம். பல பாக்ஸ்கள் அநியாயமாக இறக்கப்படுவது இங்கேதான்.

எண்ணெய்ச்சட்டி
ஆயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த இரண்டாவது மெக்கானிக் சொன்ன "கெட்டியான ஆயில்" எது என்று கேளுங்கள். லாரி, அம்பாசடரின் பின் ஆக்ஸிலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ரக கியர் ஆயில் என்றால் வேண்டவே வேண்டாம்.

ஜிஎல்-5 ஹைப்பாய்ட் கியருக்கு ஆனது. அதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே அழுந்தும். அதைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தை அதிகம் கலக்கிறார்கள். ஜிஎல்-5 ஆயில்களில் பல சூட்டில் பித்தளையை அரிக்கும். அதோடு வழுக்கலும் அதிகம். சின்க்ரோவுக்கு வேண்டியதோ பிடிப்பு. மாருதி 800-ல் எஞ்சின் குறுக்கே இருப்பதால் டிஃபரன்ஷியலும் சாதாரணச் சாய்வுப் பல் கியர்தான், ஹைப்பாய்ட் கிடையாது. ஆக, அந்த பாக்ஸில் ஜிஎல்-5க்கு வேலையே இல்லை. ஜிஎல்-4 ஊற்றுங்கள்.

ஊட்டிமழை
எல்லோருக்கும் நன்றி. நேற்று மூன்றையும் செய்து பார்த்தேன்.

ரிவர்ஸ் சோதனை: ஐந்து விநாடி பொறுத்துப் போட்டேன், பத்துத் தடவையும் சத்தமில்லாமல் விழுந்தது. கிளட்ச் நன்றாக இருக்கிறது.

ஆயில்: போன தடவை எதை ஊற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். தட்டைச் சாய்த்தால் தங்கப்பொடி மாதிரி மினுமினுவென்று ஓடியது. டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் கறுப்பு மாவு, அதற்குள் அரிசி நொய்யைவிடச் சின்னதாக இரண்டு இரும்புச் செதில். ஜிஎல்-4 ஊற்றினேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு நிஜமாகவே நன்றாக விழுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம்.

டபுள் கிளட்ச்: ஐயா சொன்னபடி பழகினேன். ஊட்டிக்குள் சமதளத்தில் பத்தில் எட்டு தடவை சத்தமே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

பட்டறைவாசல்
தங்கப்பொடி ரிங். அது இந்த வயசுக்கு எதிர்பார்ப்பதுதான். கறுப்பு மாவும் சகஜம். அந்த இரண்டு செதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

காயலான்_கடை
இவ்வளவு யோசிப்பானேன்? சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டியில் கழற்றிய பாக்ஸ் கிடைக்கும். ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

பட்டறைவாசல்
அந்த பாக்ஸின் செகண்ட் ரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? மேசை மேல் கையால் போட்டால் எல்லா பாக்ஸிலும் எல்லா கியரும் விழும். பாகங்களுக்காக வாங்குங்கள், அப்படியே தூக்கிப் பூட்ட வேண்டாம்.

ஸ்டியரிங்_31
இதில் பட்டறைத் தம்பி சொல்வதுதான் சரி.

ஊட்டிமழை, ஒன்று கேட்கிறேன். கல்லட்டியில் இறங்கிப் பார்த்தீங்களா? அங்கே பத்தில் எட்டு என்ன கணக்கு?

ஊட்டிமழை
அதைத்தான் எழுத வந்தேன், ஐயா. இன்று காலை இறங்கினேன். 36 கொண்டை ஊசி வளைவு. செகண்டிலேயே இறங்கினேன். நடுவில் ஓரிடத்தில் சாலை கொஞ்சம் நேரானதும் மூன்றாவது போட்டேன், அடுத்த வளைவுக்கு முன்னால் இரண்டுக்கு வரணும். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரைத் தட்டுவதற்குள் வண்டி வேகம் எடுத்துவிட்டது. தட்டியது போதவில்லை. கர்ரென்று வெளியே தள்ளிவிட்டது. நியூட்ரலில் ஒரு வளைவு, முழுக்க பிரேக்கில். கீழே போய் நிறுத்தியபோது முன் வீலில் தீய்ந்த வாடை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

ஸ்டியரிங்_31
அம்மாவை ஏற்றிக்கொண்டு இனி அந்த வண்டியில் கல்லட்டி வேண்டாம், தம்பி. முதலில் அது.

நான் எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். நாங்கள் மலையில் பஸ் இறக்கியபோது எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவோம், நடுவில் மாற்றவே மாட்டோம். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதைச் சொல்லாமல் டபுள் கிளட்ச்சை மட்டும் சொன்னது என் தப்பு. சமதளத்தில் ஓடும் வண்டி என்றால் இப்போதும் திறக்காதே என்றுதான் சொல்வேன். மலைக்கு செகண்ட்தான் பாதி பிரேக். இறக்குங்க. ஆனால் கூடவே நின்று பாருங்க.

ஊட்டிமழை
கோயம்புத்தூரில் பிரஸ் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் நேற்று திறந்தார்கள். நாள் முழுக்கக் கூடவே நின்றேன்.

ரிங்கைக் கோன் மேல் அழுத்திப் பிடித்து ரிங்குக்கும் கியருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தார். குறைந்தது 0.5 மி.மீ. இருக்கணுமாம். செகண்டில் 0.25-தான் நுழைந்தது. கோனைத் துடைத்துவிட்டு ரிங்கைக் கையால் அழுத்தித் திருப்பச் சொன்னார், வழவழவென்று சுற்றியது. புது ரிங்கை அதே கோனில் வைத்துத் திருப்பினேன், கவ்விப் பிடித்துக்கொண்டது, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பழைய ரிங்கின் உள்ளே நகத்தை ஓட்டினால் மரை தட்டுப்படவே இல்லை, கண்ணாடி மாதிரி பளபளப்பு. செகண்ட் கியரின் பக்கப் பற்களில் ஏழெட்டின் முனை ஒரு பக்கம் மட்டும் உருண்டிருக்கிறது. இப்போதைக்குக் கியர் தாங்கும், இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருந்தால் மாற்றியே ஆகணும் என்றார்.

மூன்றாவது ரிங் 0.9 காட்டுகிறது. அதையும் மாற்றவா, விடவா?

பட்டறைவாசல்
மாற்றிவிடுங்கள். பாக்ஸ் திறந்து கிடக்கிறது, கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

ஸ்டியரிங்_31
0.9 இருக்கிறதை ஏன் தொடணும்? கோனோடு பழகித் தேய்ந்த ரிங் அது. இப்போது கடையில் வரும் ரிங்கில் பாதி எங்கே செய்தது என்றே தெரியவில்லை.

ஊட்டிமழை
ஒன்றுக்கும் இரண்டுக்கும் ரிங், கூடவே ரிங்கை அழுத்தும் கீ, ஸ்பிரிங், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல், கிளட்ச் பிளேட் புதுசு போடச் சொல்லிவிட்டேன். மூன்றாவதையும் நாலாவதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வண்டி கிடைக்கும். முதலில் தனியாக இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.