சம்மர் ஃபெல்லோஷிப்: சார் லெட்டர் அனுப்பிவிட்டார், போர்ட்டலில் 'நிலுவை' என்றே நிற்கிறது. அவசரம்!

கடைசிபெஞ்ச்22 | இரவு 9.12
சம்மர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். எல்லாம் முடிந்தது. பரிந்துரைக் கடிதம் மட்டும் 'நிலுவை' என்று சிவப்பில் காட்டுகிறது. சார் நேற்றே அனுப்பிவிட்டேன் என்கிறார். நாளை கடைசி நாள். ரீஃப்ரெஷ் பண்ணிப் பார்த்தேன், வேறு பிரவுசரில் பார்த்தேன், மொபைலிலும் பார்த்தேன். என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

நூலகத்தூசி | இரவு 9.20
எந்த நிறுவனம்? என்ன பாடம், எந்த வருடம்? 'நாளை' என்றால் மாலை ஐந்து மணி வரையா, நள்ளிரவு வரையா? சாருக்கு லிங்க் போனதா, இல்லை கடிதத்தை நீயே ஏற்ற வேண்டுமா? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

அரைவேக்காடு | இரவு 9.24
சாரோட ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருப்பாய். பல இடங்களில் கல்லூரி முகவரி மட்டும்தான் செல்லும். நூற்றுக்கு நூறு இதுதான்.

ராத்திரிப்பறவை | இரவு 9.26
ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல். எனக்கு அப்படித்தான் ஆனது.

நூலகத்தூசி | இரவு 9.28
அனுப்பிவிட்டேன் என்று அவரே சொல்கிறார். மெயில் ஸ்பேமில் கிடந்தால் எதைப் பார்த்து அனுப்பியிருப்பார்?

பழையபிஎச்டி | இரவு 9.35
இந்தக் கேள்வி வருடா வருடம் வருகிறது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. பதில் ஒன்றுதான்: கடிதம் எழுதப்படவில்லை. 'அனுப்பிவிட்டேன்' என்று ஒரு பேராசிரியர் சொன்னால் 'இன்று இரவு எழுதுகிறேன்' என்று பொருள். பதினோரு வருடம் பல்கலைக்கழகத்தில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். கடைசி நாளுக்கு முந்தைய இரவு விழித்துக்கொள்ளும் மாணவருக்கு ஆய்வு சரிப்படுமா என்பது தனிக் கேள்வி.

மீன்கொத்தி | இரவு 9.41
அண்ணா, அந்தத் தனிக் கேள்வியை நாளை மறுநாள் வைத்துக்கொள்ளலாமே.

தம்பி (தங்கையா?), நூலகத்தூசி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்22 | இரவு 9.58
பிஎஸ்சி இயற்பியல், இரண்டாம் வருடம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எங்கள் சார் இங்கெல்லாம் படிப்பார். கடிதத்தை நான் ஏற்ற முடியாது. சாரோட மெயில் முகவரியை நான் கொடுத்தேன், அவருக்கு ஏதோ தானாகப் போயிருக்கிறது. கல்லூரி முகவரிதான். நாளை மாலை ஐந்து மணி.

தங்கைதான்.

அரைவேக்காடு | இரவு 10.01
அப்படியானால் பிடிஎஃப் சைஸ். இரண்டு எம்பிக்கு மேல் இருந்தால் சத்தமில்லாமல் தள்ளிவிடும். லெட்டர்ஹெட்டில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, மொபைலில் படம் பிடித்து அனுப்பியிருப்பார்.

கணக்குப்புலி | இரவு 10.04
கேள்விக்கு வெளியே ஒன்று. இதற்கு ஸ்டைபண்ட், அதாவது உதவித்தொகை, உண்டா? சென்ற கோடையில் என் நண்பன் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்தான். ஒரு பைசா வரவில்லை, ஆய்வகத்தைப் பயன்படுத்த பெஞ்ச் ஃபீஸ் என்று இவனிடமிருந்துதான் வாங்கினார்கள்.

பழையபிஎச்டி | இரவு 10.09
பணத்துக்காகவா ஆய்வுக்குப் போவது? நாங்கள் சைக்கிள் மிதித்துப் போய் இலவசமாக வேலை செய்தோம். ஒரு நல்ல ஆய்வகத்தில் நிற்க விடுவதே பெரிய சம்பளம்.

மீன்கொத்தி | இரவு 10.17
சைக்கிளில் போகும் தூரத்தில் ஆய்வகம் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம் அண்ணா. ஊர் விட்டு ஊர் போய் எட்டு வாரம் தங்க அறை வாடகை, மெஸ், ரயில் எல்லாம் உண்டு. அந்தக் கோடையில் டியூஷன் எடுத்தால் வந்திருக்கும் வருமானமும் போகும். ஸ்டைபண்ட் இல்லையென்றால் வீட்டில் வசதி இருப்பவர் மட்டும்தான் போவார். அப்புறம் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து, 'கிராமத்துக் கல்லூரிகளிலிருந்து யாரும் விண்ணப்பிப்பதே இல்லை' என்று வருத்தப்படுவோம்.

கணக்குப்புலி | இரவு 10.20
கைதட்டல்.

பழையபிஎச்டி | இரவு 10.26
நான் சொன்னது மனப்பான்மையைப் பற்றி. திரிக்க வேண்டாம்.

தூரத்துஇடி | இரவு 10.31
இந்த ஒரு இடத்தையே ஏன் நம்பியிருக்க வேண்டும்? அமெரிக்காவில் ஆர்இயூ என்று இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறதே. தங்குமிடத்தோடு பணமும் தருகிறார்கள். என் கசின் போனாள்.

நூலகத்தூசி | இரவு 10.38
உங்கள் கசின் அமெரிக்கக் குடிமகளா? ஆர்இயூவுக்குப் பணம் தருவது அவர்கள் தேசிய அறிவியல் அறக்கட்டளை. அந்தப் பணத்தில் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும்தான் ஸ்டைபண்ட் தர முடியும். இங்கிருந்து விண்ணப்பித்தால் நேரம்தான் வீண்.

வெளிநாடு என்றால் வேறு வழிகள் உண்டு. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சர்ஃப் என்ற கோடை ஆய்வுத் திட்டம் 1979 முதல் நடக்கிறது. பத்து வாரம், வெளி மாணவரும் போகலாம். ஆனால் முதலில் அங்கே மென்டராக, அதாவது வழிகாட்டியாக, ஒரு பேராசிரியரைப் பிடித்து, அவரோடு பேசி ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். ஜெர்மனிக்கு டாட் என்ற அவர்கள் கல்விப் பரிமாற்ற அமைப்பின் வைஸ் திட்டம். அதற்கும் அங்குள்ள பேராசிரியரின் அழைப்புக் கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் பன்னிரண்டு வாரம். அதற்கு வழக்கமாக முந்தைய வருடம் செப்டம்பரிலேயே கதவு சாத்திவிடும்.

ராத்திரிப்பறவை | இரவு 10.44
நம் ஊரில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் ஃபெல்லோஷிப்பை விட்டுவிட்டீர்களே. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் அகாடமிகள். இரண்டு மாதம். ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் வழக்கமாக நவம்பரோடு முடிந்துவிடும். கோடைக்கு விண்ணப்பிப்பது தீபாவளி சமயத்தில் என்றால் முதல் தடவை யாரும் நம்புவதில்லை.

அரைவேக்காடு | இரவு 10.47
எல்லாம் சரி, பிடிஎஃப் சைஸைப் பார்த்தீர்களா?

கடைசிபெஞ்ச்22 | இரவு 10.52
சாரிடம் மறுபடி எப்படிக் கேட்பது? ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டேன். அவரை நம்பவில்லை என்று நினைப்பார். இந்த நேரத்தில் போன் பண்ணவும் பயமாக இருக்கிறது.

பழையபிஎச்டி | இரவு 10.55
கேட்கவே கூச்சம் என்றால் மென்டரிடம் எப்படிச் சந்தேகம் கேட்பாய்?

தூரத்துஇடி | இரவு 10.57
சாரிடம் அந்த லிங்க்கை உனக்கு ஃபார்வர்டு பண்ணச் சொல். அவர் பெயரில் நீயே ஏற்றிவிடு. முடிந்தது.

நூலகத்தூசி | இரவு 10.59
தயவுசெய்து அதைச் செய்யாதே. அந்தக் கடிதம் ரகசியமானது என்றுதான் லிங்க் அவருக்கு மட்டும் போகிறது. விண்ணப்பித்தவரே ஏற்றினார் என்று தெரிந்தால் விண்ணப்பம் மட்டும் போகாது, சாரின் பெயரும் கெடும்.

மீன்கொத்தி | இரவு 11.10
தங்கை, 'அனுப்பினீர்களா' என்று கேட்காதே. 'எப்படி அனுப்பினீர்கள்' என்று கேள். இரண்டும் வேறு.

எனக்குப் பரிந்துரைத்த மேடம் என்ன செய்தார் தெரியுமா? போர்ட்டலிலிருந்து வந்த மெயிலைத் திறந்தார், 'ரிப்ளை' அழுத்தினார், கடிதத்தை இணைத்தார், அனுப்பினார். அவரைப் பொறுத்தவரை அனுப்பியாகிவிட்டது. அந்த மெயிலின் அடியில் சின்ன எழுத்தில் 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று இருந்தது. நடுவில் இருந்த நீல லிங்க்கைத் தொட்டு, அங்கே ஏற்றி, கடைசியில் 'சமர்ப்பி' அழுத்தியிருக்க வேண்டும். கடிதம் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழுந்துவிட்டது. நான் நான்கு நாள் தூங்கவில்லை.

இப்போது போன் வேண்டாம். ஒரே ஒரு செய்தி அனுப்பு: 'சார், தொந்தரவுக்கு மன்னிக்கவும். கடிதம் வந்ததாகப் போர்ட்டலில் இன்னும் காட்டவில்லை. உங்களுக்கு வந்த மெயிலில் ஒரு லிங்க் இருக்கும், அதன் வழியாக ஏற்றினால்தான் அவர்கள் கணக்கில் சேருமாம். காலை ஸ்டாஃப் ரூமுக்கு வருகிறேன்.' காலையில் முதல் மணிக்கு முன்பே போய் நில். அவர் அனுப்பிய மெயில்களைத் திறந்து, யாருக்குப் போயிருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொல். நீ தொடாதே. நிறுவனத்தின் உதவி முகவரிக்கும் இப்போதே ஒரு வரி எழுதி வை. நாளைக்கு வேண்டியிருந்தால் காட்டலாம்.

பழையபிஎச்டி | இரவு 11.15
எழுதப்படவில்லை என்பதே என் கருத்து.

கணக்குப்புலி | இரவு 11.21
மீன்கொத்தி அக்கா, நீங்கள் போனீர்களா கடைசியில்? மென்டர் எப்படி?

மீன்கொத்தி | இரவு 11.39
போனேன். ஒளியியல் ஆய்வகம். முதல் பத்து நாள் ஒரே வேலை: ஒரு லேசர் கற்றையை இரண்டு சிறு துளைகள் வழியாக நேராக விடுவது. முதல் கண்ணாடியைத் திருகி அருகிலுள்ள துளையில் சேர்ப்பேன். இரண்டாவது கண்ணாடியைத் திருகித் தூரத் துளையில் சேர்ப்பேன். அதற்குள் முதல் துளையிலிருந்து விலகியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. இப்படி நூறு தடவையாவது இருக்கும். ஒரு மதியம் இரண்டிலும் ஒரே நேரத்தில் புள்ளி உட்கார்ந்தது. மூச்சு விட்டால் நகர்ந்துவிடுமோ என்று நின்றேன்.

பேராசிரியரைப் பார்த்தது வாரத்துக்குப் பதினைந்து நிமிடம், புதன்கிழமைகளில். நல்லவர்தான், ஆனால் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மூன்றாம் வருட பிஎச்டி அக்கா. அதனால் மென்டருக்கு எழுதும்போது 'தினமும் யாரோடு வேலை செய்வேன்' என்று ஒரு வரி கேளுங்கள். யாரும் கேட்பதில்லை.

ஸ்டைபண்டின் ஒரு பகுதி, அறிக்கை கொடுத்த பிறகுதான் வந்தது. முதல் மாதத்துக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு போக வேண்டும். இதையும் யாரும் சொல்வதில்லை.

கணக்குப்புலி | இரவு 11.44
பணம் கட்டச் சொல்லும் இடங்களைப் பற்றி? 'மென்டர் ஒதுக்கீட்டுக் கட்டணம்' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சான்றிதழுக்கு உத்தரவாதமாம்.

நூலகத்தூசி | இரவு 11.49
விண்ணப்பக் கட்டணம் என்று சிறு தொகை சில நல்ல இடங்களிலும் உண்டு. மென்டருக்கே காசு என்றால் நீ மாணவர் இல்லை, வாடிக்கையாளர். ஓடிவிடு.

அரைவேக்காடு | காலை 7.05
என்ன ஆச்சு?

ராத்திரிப்பறவை | காலை 10.30
சொல்லிவிட்டுப் போ தங்கை, இங்கே எல்லாரும் கை பிசைந்துகொண்டிருக்கிறோம்.

கடைசிபெஞ்ச்22 | பகல் 12.16
ரிப்ளைதான் பண்ணியிருக்கிறார். இப்போது பச்சை வந்துவிட்டது. நன்றி அக்கா. லேப் இருக்கிறது, போகிறேன்.

மீன்கொத்தி | பகல் 12.20
அப்பாடா.

பழையபிஎச்டி | பகல் 12.41
தற்செயல். பொதுவாக நான் சொன்னதுதான் நடக்கும்.

அரைவேக்காடு | பகல் 12.44
பிடிஎஃப் எத்தனை எம்பி இருந்தது என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

ராத்திரிப்பறவை | இரண்டு மாதம் கழித்து
தங்கை, கிடைத்ததா?

ராத்திரிப்பறவை | மேலும் மூன்று வாரம் கழித்து
சரி, கிடைத்திருக்கும். அதுதான் ஆளைக் காணோம்.

புதுவரவு7 | இன்று காலை 8.02
எனக்கும் இதே பிரச்சினை. மேடம் லிங்க்கில்தான் ஏற்றினாராம், ஆனாலும் நிலுவை. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

நூலகத்தூசி | இன்று காலை 8.10
எந்த நிறுவனம்? என்ன பாடம், எந்த வருடம்? கடைசி நாள் என்றைக்கு? ஏற்றிய பிறகு மேடம் 'சமர்ப்பி' அழுத்தினாரா, இல்லை சேமித்துவிட்டு மூடிவிட்டாரா?