நடவுக்குப் பின் வந்த காய்ச்சல்: நொச்சியும் நிலவேம்பும் எதுவரை?

கேள்வி (வெண்ணாற்றங்கரை)

மன்னார்குடிக்கு அருகிலுள்ள சிற்றூரில் வசிக்கிறோம். சம்பா நடவுக்குச் சென்று வந்த என் அம்மாவுக்கு நேற்று முன்தினம் முதல் குளிரும் காய்ச்சலுமாக இருக்கிறது. அப்பாயி இருந்த காலத்தில், வாய்க்கால் கரையில் நொச்சித் தழை ஒடித்து வந்து வேது பிடிக்கச் செய்வதும், விஷ்ணுகிராந்தியை வேரோடு பிடுங்கிக் கஷாயம் வைப்பதும் வழக்கம். இப்போதும் நொச்சி வேது பிடிக்கிறோம். நிலவேம்பும் கொடுக்க எண்ணுகிறோம். ஆனால் கொல்லையில் நிற்கும் செடியை அம்மா சிறியாநங்கை என்கிறார். பக்கத்து வீட்டு அத்தை அது வேறு செடி என்கிறார். எதை, எந்த அளவில், எத்தனை நாள் கொடுக்கலாம்?

மறுமொழி (குறுவை)

நிலவேம்பைத்தான் நம் பக்கத்தில் பலர் சிறியாநங்கை என்கிறார்கள். இருப்பினும், ஒரே பெயரை ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகளுக்கு வழங்குவதால், இருவர் மாறுபட்டுச் சொல்லும் செடியைக் கொதிக்க வைக்க வேண்டாம். கசப்பாக இருப்பது மட்டும் அடையாளமாகாது. நிலவேம்புக் குடிநீர் என்பதும் நிலவேம்பு மட்டுமன்று. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவையும் சேர்ந்த ஒன்பது சரக்குகளின் கூட்டு. வயலில் களையென்று நாம் சலித்துக்கொண்டு பிடுங்கி எறியும் கோரையின் கிழங்கே இதில் மருந்தாகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கிடைக்கும் சூரணத்தை வாங்கி, 5 கிராமுக்கு 200 மில்லி தண்ணீர் விட்டு, 50 மில்லியாக வற்றக் காய்ச்சி, வடிகட்டிய சூட்டோடு கொடுங்கள். காலையில் காய்ச்சியதை மாலைக்கு வைக்கக் கூடாது. கருவுற்ற பெண்களுக்கு நிலவேம்பு ஆகாது. அம்மா சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவராயின், சர்க்கரை அளவு மேலும் இறங்கக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற செவிலியர்)

மருந்தின் அளவைவிட, நடவுக்குச் சென்று வந்தார் என்ற சொல்லே என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர் காலிலுள்ள வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக உள்ளே சென்றால் எலிக்காய்ச்சல் வரும். நீரில் கால் பட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்தும் தொடங்கலாம். கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட் சுட்ட வடுப்போன்ற கரும்பொருக்கு இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். இவ்விரண்டும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளால், தொடக்கத்திலேயே கொடுத்தால், குணமாகக்கூடியவை. நாள் கடந்தால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும்.

நொச்சி வேது மூக்கடைப்புக்கும் தலைபாரத்துக்கும் இதம் தரும். என் வீட்டிலும் பிடிக்கிறோம். ஆனால் அது வயல் நீரில் வந்த கிருமியைக் கொல்லாது. டெங்குவாக இருந்தால், காய்ச்சல் விட்ட பிறகே ஆபத்தான நேரம் தொடங்கும் என்பதால், கஷாயம் குடித்துக் காய்ச்சல் இறங்கிவிட்டதென்று நிம்மதியடைவதற்கும் இல்லை. எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். இனியும் காத்திராமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்; வயலில் நின்றதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்காமல் போகலாம்.

மறுமொழி (வெண்ணாற்றங்கரை)

அம்மா இரண்டு நாளாகக் கால் குடைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். குனிந்து நட்டதால் வந்த வலி என்று நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது பார்த்தேன், கெண்டைக்காலைத் தொட விடவில்லை, கண்ணும் சிவந்திருக்கிறது. நிலவேம்பு இன்னும் கொடுக்கவில்லை. விடியும்வரை வைத்திருக்காமல் இப்போதே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம்.