கல்லில் ஒட்டாமல் விழும் மாக்சிமா மட்டி: ஆலோசனை தேவை

மட்டக்களப்பு கல்லடியில், எனது வீட்டு 200 லீற்றர் பவளத் தொட்டியில் மூன்று மாதங்களாக வளரும் 7 சென்ரிமீற்றர் நீளமான மாக்சிமா மட்டி (வெளிச்சத்தை நம்பி வாழும் இராட்சத மட்டி வகைகளில் ஒன்று), கடந்த பத்து நாள்களில் மூன்று முறை கல்லிலிருந்து உருண்டு மணலில் கவிழ்ந்து கிடந்தது. முதல் முறை விழுந்தபோதே அதன் அடிப்புறத்து ஒட்டுநூல்கள் அறுந்திருந்தன. முன்பு ஓட்டின் விளிம்பைத் தாண்டி விரிந்த நீலச் சதை மடிப்பு இப்போது பாதியளவே வெளிவருகிறது. கை நிழல் பட்டால் சட்டென மூடிக்கொள்ளும் மட்டி, நேற்றிலிருந்து சோம்பலாகவே மூடுகிறது. எனக்குப் பயம் தருவது இதுதான்.

உப்பு நீரின் அடர்த்தி 1.025, காரத்தன்மை 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கல்சியம் 420 பிபிஎம். வெப்பநிலை 27 பாகை; மின்வெட்டு நீடித்த ஒரு நாளில் மட்டும் 29ஐத் தொட்டது.

துறவி நண்டுகளை அகற்றினேன், மட்டியில் நேராக மோதிய நீரோட்டத்தைத் திருப்பினேன், இரவில் ரோச் அடித்து ஓட்டின் அடியில் மட்டியின் உடற்சாற்றை உறிஞ்சும், அரிசிக் குறுணை போன்ற பிரமிட் நத்தைகளைத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒட்டுநூல் சுரக்கும் துவாரம் அடைபடக்கூடும் என்பதால் பசை பூச மனமில்லை.

புதிய நூல்கள் வளர்ந்து தானாக ஒட்டும்வரை, வெளிச்சமும் குறையாமல், இந்த மட்டியை அசையாது நிறுத்திவைப்பது எப்படி?