சொல் வேண்டும், வியாழனுக்குள்: வட்டில் விழும் ‘ரிங்’

சுங்கை சிப்புட் (மலேசியா), ஆசிரியை, திங்கள் இரவு

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல் வேண்டும். சனிக்கிழமை பள்ளியில் சின்னதாக ஓர் அறிவியல் கண்காட்சி. அச்சுக்கடைக்காரர் வியாழன் மாலைக்குள் எழுத்தைக் கேட்கிறார்.

ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் இருவர் எடுத்திருக்கும் தலைப்பு இது: வீடியோ கேம் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை எடுத்து நிமிர்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் வட்டு (டிஸ்க்) ஏன் கீறிப்போகிறது? அவர்களில் ஒருவன் வீட்டில் நடந்ததுதான். அம்மா வீடு கூட்ட வந்திருக்கிறார். தரையில் படுத்திருந்த பெட்டியை அணைக்காமல் அப்படியே நிமிர்த்திச் சுவரோரம் வைத்தார். உள்ளே ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். வட்டை எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கவராயம் வைத்து வரைந்ததுபோல் முழு வட்டமாக ஒரு கோடு. அதற்குப் பிறகு அந்த ஆட்டம் ஓடவே இல்லை.

பிள்ளைகள் இதை ‘ரிங்’ என்கிறார்கள். “டீச்சர், ரிங் விழுந்திருச்சு.” பதாகையில் அப்படிப் போட எனக்கு மனம் வரவில்லை. ‘ஓடும் பெட்டியைச் சாய்த்ததால் வட்டில் ஏற்படும் வட்ட வடிவக் கீறல்’ என்று போட இடம் இல்லை. ஒரே சொல்லாக இருக்க வேண்டும், பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

தைப்பிங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செவ்வாய் காலை

அம்மா, முதலில் ‘வட்டு’ என்று எழுதியதற்கு என் வாழ்த்து. பலர் அதை அண்மையில் செய்த சொல் என்று நினைக்கிறார்கள். நற்றிணை மூன்றாம் பாட்டைப் பாருங்கள். பாலை வழியில் ஒரு வேப்ப மரம். அதன் புள்ளி நிழலில் அரங்கு கீறி, ‘கல்லாச் சிறாஅர் நெல்லிவட்டு ஆடும்’ என்கிறார் இளங்கீரனார். பிள்ளைகள், ஆட்டம், வட்டு, தரையில் கீறிய கோடு. உங்கள் பதாகைக்கு வேண்டிய அத்தனையும் அந்தப் பாட்டில் இருக்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். வெறும் கீறல் போதாது, சுழற்சியால் வந்த கீறல் என்பது தெரிய வேண்டும். சுழற்சிக்கு நம் பழஞ்சொல் கொட்பு. ஆகவே ‘கொட்புக்கீறல்’. குறள் 663-இல் ‘இடைக்கொட்கின் எற்றா விழுமம் தரும்’ என்று வருகிறதே! ஓட்டத்தின் நடுவில் திருப்பினால் தீராத துன்பம். வள்ளுவரே பதாகைக்கு எழுதித் தந்ததுபோல் இருக்கிறது.

பினாங்கு, பொறியாளர், செவ்வாய் மதியம்

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்தக் குறளில் கொட்குதலுக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள் வெளிப்படுதல். செய்கிற வேலை முடியும் முன்பே வெளியில் தெரிந்துவிட்டால் துன்பம் என்பதுதான் அங்கே கருத்து. கேம் பெட்டிக்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது கொஞ்சம் அதிகம்.

சொல் தேடும் முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்வோம். வட்டு 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். நடுவில் மட்டும்தான் பிடிமானம், ஓரம் முழுக்க அந்தரத்தில் இருக்கிறது. 12 மடங்கு வேகத்தில் படிக்கும் டிவிடி இயக்கியில் அது நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேல் போகும். அவ்வளவு வேகத்தில் சுழலும் பொருள் தன் அச்சை லேசில் திருப்ப விடாது. வலிந்து திருப்பினால் நாம் எதிர்பார்க்காத வேறொரு பக்கமாகத் தள்ளும். பையன்களிடம் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுங்கள் டீச்சர். அச்சின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் சுழற்றிவிட்ட பிறகு சாய்த்துப் பார்க்கட்டும். கை முறுக்கிக்கொண்டு போகும். கண்காட்சியில் அதைவிடக் கூட்டம் சேர்க்கும் பொருள் இருக்காது.

பெட்டியைப் படுத்த நிலையிலிருந்து நிமிர்த்தும்போது இதேதான் நடக்கிறது. அச்சு திரும்புகிறது, வட்டின் ஓரம் நெளிகிறது. வட்டுக்கும் அதைப் படிக்கும் வில்லைக்கும் (லென்ஸ்) இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். வில்லையின் கூடு நின்ற இடத்தில் நிற்க, வட்டு அதன்மேல் உரசிக்கொண்டே சுழல்கிறது. குயவர் சக்கரத்துக் களிமண்மேல் விரல் வைத்தால் எப்படிக் கோடு விழும்? அப்படித்தான்.

ஆகவே, மேசைமேல் படுத்தபடியே மெல்லத் தள்ளுவதில் ஆபத்து குறைவு, சாய்ப்பதில்தான் அதிகம். சொல்லும் அதையே சொல்லட்டும்: ‘சாய்ப்புக்கீறல்’. கேட்டவுடன் பிள்ளைக்கு எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துவிடும்.

சுங்கை சிப்புட், பழுதுபார்ப்புக் கடைக்காரர், செவ்வாய் இரவு

டீச்சர், நான் தமிழ் படித்தவன் இல்லை. கடையில் நடப்பதைச் சொல்கிறேன். கீறல் விழுந்த வட்டை மெருகு போட்டுத் தரச் சொல்லி ஆட்கள் வருவார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் நேர்க்கோடு லேசாக இருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். வட்டமாக விழுந்திருந்தால் பார்த்தவுடனே சொல்லிவிடுவேன்: “வட்டமா வெட்டு விழுந்திருக்கு அண்ணே, இது தேறாது.” அதனால் என் ஓட்டு ‘வட்டவெட்டு’. பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது.

யாழ்ப்பாணம், நூலகர், புதன் காலை

வணக்கம். எங்கட பக்கத்தில் இதனை இறுவட்டு என்றுதான் எழுதுவம். இறுக்கமான வட்டு, ஆகவே இறுவட்டு. தலைச்சொல்லை ஒருமுறை தீர்மானித்துவிட்டால் பிறகு கீறலைச் சேர்ப்பது இலகு.

தைப்பிங், புதன் காலை

இறுவட்டின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ‘இறுதல்’ என்றால் முறிதல், கெடுதல் என்றும் பொருள். இறுவட்டு என்பதைக் கெட்டுப்போன வட்டு என்று ஒருவன் பொருள் கொண்டால் இலக்கணப்படி அவனைத் தடுக்க முடியாது. அப்படிப் பார்த்தால் டீச்சருக்கு வேறு சொல்லே தேவையில்லை. கீறல் விழும் முன் அது குறுவட்டு, விழுந்த பின் இறுவட்டு.

பொறியாளர் தம்பிக்கு: கொட்குதலுக்கு வெளிப்படுதல், சுழலுதல் இரண்டுமே அகராதியில் உண்டு. குறளை விட்டுவிடுகிறேன், கொட்பை விடமாட்டேன்.

யாழ்ப்பாணம், புதன் காலை

நல்ல பகிடி ஐயா. ஆனால் உங்கட குறுவட்டில் ‘குறு’ எதைக் குறிக்கிறது? அதனைவிடச் சின்ன வட்டு வந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பினாங்கு, புதன் மதியம்

பக்கத்து வீட்டு மொழியையும் பார்ப்போமே. மலாயில் வட்டுக்கு ‘சக்கெரா’. நம் ‘சக்கரம்’ கப்பலேறிப் போய் இங்கே குடியேறியதுதான். அரசாங்கப் பள்ளியில் ‘சக்கெரா பாடாட்’ என்று படித்த பிள்ளைக்குச் ‘சக்கரக்கீறல்’ உடனே பிடிபடும்.

தைப்பிங், புதன் மதியம்

அது வடசொல். மலாய்க்காரர் கடன் வாங்கிய இடத்தில் நாமும் போய்க் கடன் வாங்க வேண்டுமா? திகிரி இருக்கிறது, ஆழி இருக்கிறது.

சுங்கை சிப்புட், கடைக்காரர், புதன் மதியம்

ஆழிக்கீறல் என்று கடையில் எழுதிப் போட்டால் படகு ரிப்பேர் செய்கிற இடம் என்று நினைப்பார்கள் ஐயா.

கிள்ளான், நிரலாளர், புதன் மதியம்

எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆட்டம் என்றால் விளையாட்டு, ஆட்டம் என்றால் அசைவும்தான். ஓடும் பெட்டியை ஆட்டினால் வருவது, ஆடும் வட்டில் வருவது: ‘ஆட்டக்கீறல்’. ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டது. இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போன சங்கதி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் பெட்டி விற்பனைக்கு வந்தது 2005 நவம்பரில். அதன் வட்டியக்கி சிறு அதிர்வைக்கூடத் தாங்காமல் வட்டைக் கீறிவிடுகிறது என்று வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதுவும் கீறலைப் பற்றி இல்லை, எந்தக் கட்டத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்பதைப் பற்றி. நம் குழுவும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

தைப்பிங், புதன் இரவு

இரு பொருள் தரும் சொல் கவிதைக்கு அழகு, கலைச்சொல்லுக்கு நோய். ‘ஆட்டக்கீறல்’ என்றால் ஆட்டுக்குக் கீறல் என்று படிப்பவனும் இருப்பான்.

சரி, கொட்பு கடினம் என்கிறீர்கள். இறங்கி வருகிறேன்: ‘சுழற்கீறல்’. சுழலால் வந்த கீறல், வேற்றுமைத் தொகை, லகரம் றகரமாகத் திரிந்தது. ‘சுழல்கீறல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது வினைத்தொகை ஆகி, கீறலே சுழல்கிறது என்று பொருள்படும்.

பினாங்கு, புதன் இரவு

சுழல்காற்று, சுழற்காற்று இரண்டையும் நாம் எழுதத்தானே செய்கிறோம் ஐயா? காற்று நின்றா போய்விட்டது?

தைப்பிங், புதன் இரவு

காற்று சுழல்கிறது, ஆகவே அங்கே வினைத்தொகையும் பொருந்தும். கீறல் சுழலுமா?

பினாங்கு, புதன் இரவு

வட்டு சுழன்றால் அதிலுள்ள கீறலும் சேர்ந்துதான் சுழலும்.

மட்டுறுத்துநர், புதன் நள்ளிரவு

இதுவரை பல பரிந்துரைகள் வந்திருக்கின்றன. டீச்சருக்கு இன்னும் ஒரு நாள்கூட இல்லை. சுழலும் கீறலைத் தனி இழையில் தொடரலாம்.

சுங்கை சிப்புட், ஆசிரியை, வியாழன் அதிகாலை

எல்லாவற்றையும் படித்தேன். பாதி எனக்கே புரியவில்லை, பையன்களுக்கு எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. சொற்களை எழுதிக் காட்டினேன். சாய்ப்புக்கீறலைப் பார்த்து ஒருவன், “கீறல் சாய்ந்து இருக்குமா டீச்சர்?” என்றான். ஆட்டக்கீறலுக்கு வகுப்பே சிரித்தது, ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ராத்திரி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா இருபது வருடத்துக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கேம் பெட்டியைத் தொட்டதுகூட இல்லை. நேர்க்கோடு விழுந்தால் தேறும், வட்டமாக விழுந்தால் தேறாது என்று கடைக்கார அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். “இதில் என்ன அதிசயம்?” என்றார். “மரத்தில் ஒரு பக்கமாக் கோடு வெட்டினா பால் வரும், பட்டையும் மறுபடி வளரும். உளி ஆழமா இறங்கிக் காயம் பட்டாலும் மரம் தாங்கும். சுத்தி வளையமாப் பட்டையை எடுத்துட்டா மரம் செத்துப்போகும்.” சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

‘வளையக்கீறல்’ என்று போடலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் சொல்லும் ரிங்குக்கும் அது பக்கத்தில் இருக்கிறது.

பினாங்கு, வியாழன் காலை

உவமை அழகாக இருக்கிறது டீச்சர், ஆனால் காரணம் வேறு. மரத்தில் கீழே இறங்க வேண்டிய உணவுக்கு வழி அடைபடுகிறது. வட்டில் நடப்பதை இப்படி எழுதுங்கள்: தகவல் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே நீண்ட சுருளாகப் பதிந்திருக்கிறது. நத்தைக் கூட்டைப் பாருங்கள், மலாயில் நத்தைக்குச் ‘சிப்புட்’, உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. நேர்க்கீறல் அந்தச் சுருளைக் குறுக்கே வெட்டுவதால் ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் போகும். விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு மீட்கும் ஏற்பாடு வட்டிலேயே இருக்கிறது. வளையம் சுருளோடு கூடவே ஓடுகிறது. பக்கம் பக்கமாக அழித்த பாடப்புத்தகம்போல், மீட்பதற்கு வேண்டிய தகவலும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் ஒன்று. வளையக்கீறல் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது, ஏன் வந்தது என்பதைச் சொல்லவில்லை. துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தாலும் வளையம் விழும். என் ஓட்டு சாய்ப்புக்கீறலுக்கே.

சுங்கை சிப்புட், கடைக்காரர், வியாழன் காலை

வளையக்கீறலே இருக்கட்டும். காரணத்தைக் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். என் வட்டவெட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கிள்ளான், வியாழன் மதியம்

வளையக்கீறல். ஆட்டக்கீறலை வேறு ஏதாவது செயலிக்குப் பெயராக வைத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணம், வியாழன் மதியம்

கீறலில் மறுப்பில்லை. இறுவட்டில் வளையக்கீறல் என்று எழுதலாம்.

தைப்பிங், வியாழன் மாலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. வளையத்தில் ‘வளை’ என்ற தமிழ் வேர் இருக்கிறது, அதில் எனக்கு ஆறுதல். சுழற்கீறல் என்ற என் பரிந்துரை குழுவின் பதிவில் இருக்கட்டும், பிற்காலத்தில் யாருக்காவது உதவும். டீச்சர், அச்சுக்கடையில் ககர ஒற்றை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட், ஆசிரியை, சனி இரவு

கண்காட்சி முடிந்தது. சைக்கிள் சக்கரத்துக்கு வரிசை நின்றது. தலைமையாசிரியரும் பிடித்துப் பார்த்து, விட்டுவிட்டார், சக்கரம் மேசைக்கு அடியில் ஓடிப்போனது. கடைக்கார அண்ணன் வளையம் விழுந்த நாலு வட்டு கொடுத்து அனுப்பியிருந்தார், அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப் பிள்ளைகளுக்குள் சண்டை. பெட்டியை நிமிர்த்தி வைத்த அந்த அம்மாவும் வந்து, தன் மகன் விளக்கம் சொல்வதை ஓரமாக நின்று முழுக்கக் கேட்டார்.

தைப்பிங் ஐயாவுக்கு மட்டும்: பதாகையில் ‘வளையகீறல்’ என்று வந்துவிட்டது. எழுதிக் கொடுத்ததில் ஒற்று இருந்தது. பேனாவால் க் போட்டேன், தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் கீறல் மாதிரிதான் இருந்தது.

பினாங்கு, ஞாயிறு காலை

சாய்ப்புக்கீறலாக இருந்திருந்தால் ஒற்று விழுந்தது உடனே கண்ணில் பட்டிருக்கும்.

தைப்பிங், ஞாயிறு காலை

சுழற்கீறலில் போடவேண்டிய ஒற்றே இல்லை, தம்பி. லகரம்தான் றகரமாகிவிட்டதே.