எரிமலைத் தீவுக்குப் புதைபடிவத்தால் வயது சொல்ல முடியுமா?

கேள்வி (ரோஸ்ஹில், மொரீஷியஸ்)
வணக்கம். கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நேற்று ஒரு பையன், "மிஸ், பாறையோட வயசைப் புதைபடிவம் பார்த்துச் சொல்வாங்களாமே, நம்ம ஊர் முழுக்கக் கருங்கல்தானே, அதுல ஏது புதைபடிவம்?" என்று கேட்டான். நல்லவேளை, மணி அடித்தது. அடுத்த சனிக்குள் யாராவது காப்பாற்றுங்கள்.

பதில் (குவாத்ர் போர்ன்)
பையன் விவரமானவன், மிஸ். எரிமலைக் குழம்பில் எந்த உயிரும் மிஞ்சாது. ஆனால் கடலடியில் குழம்பு ஆறியதும் அதன்மேல் சேறு படியத் தொடங்கும். அதில் பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் கோடிக்கணக்கில் கிடக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் 200 வரிசையாக நிற்கும். பாறையை ஒட்டிய அடிச்சேற்றில் எந்தெந்த இனம் இருக்கிறதோ, அதை வைத்துச் சேற்றின் வயதைச் சொல்லலாம்; பாறை அந்தச் சேற்றுக்கு மூத்தது. (பிற்பாடு சேற்றுக்குள் புகுந்த குழம்பு என்றால் கதை வேறு.)

1987இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் நம்ம போர்ட் லூயியில் கிளம்பி, வழியெல்லாம் கடலடியைத் துளைத்துக்கொண்டே கொழும்பு போனது. நசரேத் என்ற கடலடித் திட்டுக்கு அருகே எரிமலைப் பாறைக்கு வயது சுமார் 3.3 கோடி ஆண்டு, சாகோஸ் தீவுகள் பக்கம் 4.9 கோடி, மாலத்தீவுப் பக்கம் 5.7 கோடி. சேற்றுப் பாசி சொன்ன வயதும், கல்லில் உள்ள ஆர்கான் வாயுவை அளந்து போட்ட வயதுக் கணக்கும் ஒத்துப்போயின. அப்படியே வடக்கே போனால் தக்காணம், 6.6 கோடி. எல்லாம் இன்று ரீயூனியன் தீவுக்கு அடியில் எரிகிற அதே அடுப்பு (பூமிக்குள் இருக்கும் வெப்பப் புள்ளி) கக்கியவை.

படிக்கும்போது நானும் பார்த்திருக்கிறேன். பல் குத்தும் குச்சி நுனியில் துளி சேறு, ஒரு சொட்டுத் தண்ணீர், கண்ணாடியில் இழுத்துக் காயவைத்து, நுண்ணோக்கியில் 1000 மடங்கு. டிஸ்கோஆஸ்டர் என்று நட்சத்திரம் மாதிரி ஒரு பாசித் தகடு. அது அழிந்து சுமார் 19 லட்சம் ஆண்டு. அது தெரிந்தால் சேறு அதற்கும் பழையது.

பதில் (மோக்கா)
அண்ணா, ஒரு நட்சத்திரத்தை நம்பி முடிவு சொல்லாதீர்கள்! நான் சொல்லி அசடு வழிந்திருக்கிறேன். நீரோட்டம் பழைய சேற்றை அரித்து வந்து புதுச் சேற்றில் கொட்டிவிடும். கூட யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் ஒரு தாத்தா இருந்தால் அது முதியோர் இல்லமாகிவிடுமா?

கேள்வி கேட்டவர்
நன்றி. தாத்தா உதாரணம் வகுப்பில் நன்றாக எடுபட்டது. பையன் ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரை மணல் கொண்டுவந்திருந்தான். பூதக்கண்ணாடியில் பருப்பு மாதிரி குட்டிக் குட்டி ஓடுகள். "மிஸ், இது செத்து எத்தனை கோடி வருஷம்?" என்றான். போன மாசமாகக்கூட இருக்கலாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.